இருபத்தோரு இலக்கச் சுவர்

சுவரெழுத்துத் தொழிலாளர் சங்கத்தின் மலருக்கு ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று சங்கத்துத் தம்பிமார் பல தடவை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "அந்தக் காலத்துப் பொன்னான நாளைப் பத்தி எழுதுங்கண்ணா" என்கிறார்கள். இவர்கள் இப்போது கம்ப்யூட்டரில் எழுத்தைத் தட்டி, ஃபிளெக்ஸில் அச்சடித்து, கம்பத்தில் கட்டிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிறவர்கள். பொன்னான நாளை இவர்கள்தான் அனுபவிக்கிறார்கள். எனக்கு இருந்தது முதுகு வலி. சுண்ணாம்பு பட்டு வெடித்த நகக்கண். எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் மேஸ்திரி.

அவரைப் பற்றி எழுதினால் கோபமாகத்தான் எழுத வரும். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. கோபம் இன்னும் போகவில்லை. பழநியாண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

நான் பாலக்காட்டுச் சீமையில் பெருமாட்டிப் பக்கத்து ஆள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. தென்னந்தோப்பு அண்ணன்மாருக்குப் போதுமாக இருந்தது, எனக்குப் போதவில்லை. அதனால் சின்னராசு மேஸ்திரியிடம் கொண்டுபோய் விட்டார்கள். ஆரம்ப வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சுவர் சுரண்டினேன், சுண்ணாம்பு அடித்தேன், நூல் பிடித்தேன், பிரஷ் கழுவினேன். மேஸ்திரி எழுத்துக்கு வெளிக்கோடு போட்டால் உள்ளே நிறம் நிரப்புவேன். வெளிக்கோடு மட்டும் என் கைக்கு வரவே வராது. "உன்ற கை இன்னும் பழுக்கலே" என்பார். எனக்குக் கல்யாணம் ஆகி, மூத்த பெண் பிறந்து, அவளுக்குப் பழநியில் முடி இறக்கிக்கொண்டு வந்த பிறகும் கை பழுக்கவில்லை என்றுதான் சொன்னார்.

அவருடைய முறை இதுதான். முதலில் சுவரையோ பலகையையோ அளந்து, நடுவில் மேலிருந்து கீழாக நீலம் தோய்த்த நூலைச் சுண்டி ஒரு கோடு போட வேண்டும். அதற்கு நடு நூல் என்று பெயர். எழுத வேண்டியதில் எத்தனை எழுத்து என்று எண்ணி, பாதியை நூலுக்கு இந்தப் பக்கமும் பாதியை அந்தப் பக்கமும் வைக்க வேண்டும். மெலிந்த எழுத்துக்கு அரை இடம், தடித்த எழுத்துக்கு ஒன்றரை இடம். பிறகு கரித்துண்டால் வரைந்துவிட்டு, ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பஸ் வந்து மறைத்தாலும் எழுந்திருக்க மாட்டார். நான் ஏணியில் நின்றபடி அவர் வாயைப் பார்க்க வேண்டும். நன்றாக இருந்தால் "ம்". இல்லையென்றால் அதுவும் இல்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து எல்லாவற்றையும் அழித்துவிடுவார்.

ஒரு தடவை குமுளிக்குப் போய் ஏலக்காய்க் கடைகளுக்குப் போர்டு எழுதினோம். ஒரு கடைக்காரர் கம்பம் டவுனிலிருந்து வந்து தொழில் செய்கிறவர், அவசரக்காரர். மேஸ்திரி நூலைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து நிற்கிறார். பலகை ஒரு ஓரத்தில் தேய்ந்திருந்ததால் நடு எது என்று அவருக்குத் தீரவில்லை.

"என்னய்யா, எழுத வந்தீகளா, நூல்ல ஏலக்காயக் காயப் போட வந்தீகளா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"நடு கெடைக்கலீங்க."

"நடு எங்கிட்டுய்யா போகும்? பலகைக்குள்ளதான கெடக்கும்!"

மேஸ்திரி பலகையை இறக்கி, தேய்ந்த ஓரத்தை ரம்பத்தால் அறுத்து நேராக்கினார். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நானும் அடித்துக்கொண்டேன், உள்ளுக்குள். இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு பெருக்கல் கணக்கைச் சுவரில் எழுதச் சொன்னால் என்ன ஆகும் என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். எங்கள் பக்கத்தில் ஒரு எய்டட் ஹைஸ்கூல், பேர் வேண்டாம். மலையாளப் பிள்ளைகளுக்கு மலையாளத்திலும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் டிவிஷனில் தமிழிலும் பாடம் நடந்தது. தமிழ் டிவிஷனுக்குக் கணக்கு எடுத்தவர் கமலம் டீச்சர். கொழிஞ்சாம்பாறைப் பக்கம், விவசாயக் குடும்பம். ஆள் ஒல்லி, குரல் மட்டும் தோப்பு தாண்டிக் கேட்கும்.

அந்த வருஷம் ஸ்கூல் மேனேஜர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கணக்கைத் தமிழில் தனியாக நடத்துவது வீண், வரும் ஜூனிலிருந்து எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து மலையாளத்தில் நடத்தினால் போதும் என்றார். அப்படி ஆனால் டீச்சர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தமிழ்ப் பிள்ளைகள் பாதிப் பேர் கணக்கை விட்டுவிடுவார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். டீச்சர் போய் வாதாடியிருக்கிறார். கடைசியில் மேனேஜர், "ஆண்டு விழாவுக்குக் கல்வி ஆபீசர் வருவாரு. தமிழ்ல கணக்கு எப்படிப் படிக்குதுகள்னு அவருக்குக் காட்டிக் கொடுங்க. அவரு வேணும்னு சொன்னா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

காட்டுவதற்கு டீச்சர் தேர்ந்தெடுத்தது ஒரு நம்பர். ஹெட்மாஸ்டரிடம் கெஞ்சி, ரோட்டைப் பார்த்த பெரிய சுவரையும் வாங்கிவிட்டார். அதுவரை அதில் மாட்டுத் தீவன விளம்பரம் இருந்தது, நாங்கள் எழுதியதுதான்.

டீச்சர் சுவருக்கு முன்னால் நின்று எங்களுக்கு விளக்கினார். "ரெண்டை ரெண்டால பெருக்கீட்டே போகோணுமுங்க. அறுபத்தேழு ரெண்டு ஆனதும் நிறுத்தி, அதுல ஒண்ணைக் கழிச்சா இந்த நம்பர் வரும்."

தாளில் எழுதியிருந்தது: 147573952589676412927. இருபத்தோரு இலக்கம்.

"இது எதாலயும் வகுபடாத மாதிரியே இருக்குமுங்க. மூணால போகாது, ஏழால போகாது, பதினொண்ணு, பதிமூணு, எதாலயும் போகாது. என்ற பிள்ளைக ஒரு மாசமா வகுத்துப் பாத்து அலுத்துப்போச்சுக. முன்னாடி பெரிய பெரிய ஆளுங்களே இது பகா எண்ணுன்னு நெனச்சாங்களாமா. ஆனா இது பகு எண்ணுங்க. உள்ளுக்குள்ள ரெண்டு பேரு ஒளிஞ்சிருக்காங்க. இது ஒண்ணு, இது ஒண்ணு." தாளில் விரலை வைத்தார்: 761838257287, அதன் கீழே 193707721. "இந்த ரெண்டையும் பெருக்கினா அது. வேற யாராலயும் அதை வகுக்க முடியாது. தேடிக் கண்டுபிடிக்கத்தான் மலையைப் புரட்டோணும். கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் பெருக்கிச் சரி பாக்கறது பத்தாங்கிளாஸ் பிள்ளைக்கும் முடியும். அதைத்தான் காட்டப் போறோம்."

முழுப் பெருக்கலையும் சுவரில் எழுத வேண்டும். மேலே இரண்டு எண், நடுவில் வரிவரியாகப் பெருக்கியது, அடியில் விடை. விழாவன்று பிள்ளைகள் வலது ஓரத்திலிருந்து ஆளுக்கொரு பத்தியாக, மேலிருந்து கீழே சத்தமாகக் கூட்டிக்கொண்டு வருவார்கள். கூட்டக் கூட்ட அடியில் இருக்கும் விடை இலக்கம் இலக்கமாகச் சரியாக வர வேண்டும். சுவரில் பிசகினால் ஆபீசர் முன்னால் பிள்ளைகள் வாயில் பிசகும். டீச்சரின் வேலையும் அதோடு போகும்.

மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார். "டீச்சர், இதுக்கு நடு எதுங்க?"

"நடுவா? கணக்குக்கு ஏதுங்க நடு?"

"நடு இல்லாம எப்படிங்க எழுதறது?"

நான் தூக்கிய ஏணியைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்று முழுவதும் வாக்குவாதம். பெருக்கல் வரிகள் ஒவ்வொன்றும் ஒரு இலக்கம் இடது பக்கம் தள்ளித் தள்ளித்தானே வரும்? மேஸ்திரிக்கு அது பொறுக்கவில்லை. எல்லா வரியையும் நடு நூலுக்குக் கொண்டுவந்து, தூண் மாதிரி நிறுத்தலாம் என்றார். "பாக்கறதுக்கு லட்சணமா இருக்குமுங்க."

"லட்சணம் எதுக்குங்க? கூட்டுனா வரோணுமுங்க!"

"இப்படிச் சரிஞ்சு கெடந்தா, பெயிண்டர் குடிச்சுட்டு எழுதிப்போட்டான்னு ரோட்டுல போறவன் சொல்லுவானுங்க."

"சொல்றவன எங்கிட்ட அனுப்புங்க, பெருக்கச் சொல்றேன்."

படிக்கட்டு மாதிரி ஒரே சீராக இறங்குவதென்றால் சரி என்று மேஸ்திரி ஒருவழியாக ஒத்துக்கொண்டார். அடுத்தது ஒன்று என்ற இலக்கம். ஒன்று மெலிந்தது, அதற்கு அரை இடம்தான் என்றார் மேஸ்திரி. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கட்டம், இல்லையென்றால் பத்தி பத்தியாக நேர் நிற்காது என்றார் டீச்சர். "எட்டுப் பக்கத்துல இந்த ஒண்ணு, பந்தியில சீக்காளி உக்காந்த மாதிரி இருக்குமுங்க" என்று மேஸ்திரி முனகினார். கடைசியில் இருபத்தோரு பத்திக்கும் மேலிருந்து கீழே நூல் அடித்தோம். நூல் அடித்தது நான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெரியுமல்லவா? ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை எதிர்த்த தோப்பில் பறந்தது.

மூன்றாவது சண்டை என்னோடு. 193707721 என்ற எண்ணில் மூன்று ஏழு. அதனால் பெருக்கிய வரிகளில் 5332867801009 என்ற ஒரே வரி மூன்று தடவை வரும். மேஸ்திரி தாளைப் பார்த்துவிட்டு, "ஒரே வரியை மூணு வாட்டி எழுதியிருக்குது. டீச்சர் தூக்கக் கலக்கத்துல எழுதியிருப்பாங்க. ரெண்டை விட்டுரு" என்றார்.

"மேஸ்திரி, விட்டா கணக்குப் போயிரும்."

"உனக்குக் கணக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. டீச்சருக்குத் தெரியும்."

"போர்டு எழுதறது டீச்சரா, நானா?"

நான் ஏணியிலிருந்து இறங்கி, ஸ்டாஃப் ரூமுக்குப் போய், டீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். டீச்சர் சொன்ன பிறகுதான் மூன்றையும் எழுத ஒத்துக்கொண்டார். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. "அந்தத் தம்பிகிட்டச் சொல்லுங்க, டர்பன்டைன் வேணும்னு" என்று எனக்குக் கேட்கும்படி சுவரிடம் சொன்னார். இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான்.

அப்புறம் டீச்சருக்கு மாமியார் வீட்டில் ஒரு சாவு. அங்கே கிளம்பிப் போய்விட்டார். விழாவுக்கு முந்தின நாள் காலையில்தான் திரும்பி வந்தார். அதற்குள் சுவர் முடிந்திருந்தது. வெள்ளைத் தளத்தில் கறுப்பு எனாமல், ஒவ்வொரு இலக்கமும் ஒரு சாண் உயரம். சொல்லக் கூடாது, ஆனாலும் அழகு. வலது அடி மூலையில் 'சின்னராசு ஆர்ட்ஸ்' என்று தாமரைப்பூ வைத்துத் தன் பெயரையும் எழுதியிருந்தார்.

டீச்சர் ரோட்டில் நின்றே கையெடுத்துக் கும்பிட்டார். "நெம்ப நல்லா இருக்குதுங்க மேஸ்திரி" என்றார். மேஸ்திரி "ம்" என்றார், தனக்குத்தானே.

டீச்சர் உடனே பிள்ளைகளை வெளியே கூட்டிவந்து ஒத்திகை ஆரம்பித்தார். முதல் பத்தி, ஏழு. அடியிலும் ஏழு. இரண்டாவது, இரண்டு. சரி. மூன்றாவது ஒன்பது, நான்காவது இரண்டு. எல்லாம் சரி. ஐந்தாவது பத்திக்கு ஒரு பெண் முன்னால் வந்தாள். கணீரென்ற குரல்.

"அஞ்சு, நாலு, சைபர், சைபர், ஒம்பது, பதினெட்டு! மிச்சம் ரெண்டு, இருவது! சைபர் போடு, ரெண்டு மிச்சம்!"

அடியில் ஒன்று என்று இருந்தது.

"திருப்பிச் சொல்லு."

அவள் திருப்பிச் சொன்னாள். திருப்பியும் சைபர்தான் வந்தது. டீச்சர் தாளை விரித்துச் சுவரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

நடந்தது இதுதான். 193707721-இல் நடுவில் ஒரு பூஜ்யம் இருக்கிறது. பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம்தானே என்று டீச்சர் அதற்கு வரி எழுதவில்லை. அடுத்த வரியை ஒரு இலக்கத்துக்குப் பதில் இரண்டு இலக்கம் தள்ளி எழுதியிருந்தார். எல்லோரும் அப்படித்தானே செய்வோம்? ஆனால் மேஸ்திரியின் கண்ணுக்கு அது படிக்கட்டில் ஒரு படி உடைந்த மாதிரி. அதனால் அந்த வரியையும் அதற்குக் கீழே இருந்த மூன்று வரிகளையும் ஒரு கட்டம் வலது பக்கம் இழுத்து, படியைச் சீராக்கிவிட்டார். யாரையும் கேட்கவில்லை. என்னிடம் சொல்லவில்லை, பேசினால்தானே சொல்வதற்கு? விடை வரியை மட்டும் தாளில் இருந்தபடியே எழுதிவிட்டார்.

"யாருங்க இதை நகத்துனது?"

"நானுங்க. ஒரு எடத்துல ரெண்டு படி குதிச்சிருந்துச்சு. சரி பண்ணிப்போட்டேன்."

"சரி பண்ணிப்போட்டீங்களா?" டீச்சர் குரல் தோப்பைத் தாண்டியது. "மேஸ்திரி, நாளைக்குக் காலைல ஆபீசர் வர்றாருங்க! இந்த நாலு வரியும் தள்ளிப் போகோணும்!"

"தள்ளுனா படி கோணிப்போகுமுங்க. என்ற பேரு அடியில கெடக்குது. கோணல் போர்டுக்கு அடியில என்ற பேரு இருக்காதுங்க."

"என்ற பொழப்பே போகுதுங்க!"

"சொவுருல கோணல் வெச்சுப் பொழைக்கிற பொழப்பு என்ன பொழப்புங்க?"

நான் அந்த இடத்தில் முருகா முருகா என்று சொன்னதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. இரண்டு பேரில் யாருக்குச் சொல்லிப் புரிய வைப்பது? இந்தப் பக்கம் கணக்கை விட்டு இம்மி நகராத ஒரு அம்மாள். அந்தப் பக்கம் நூலை விட்டு இம்மி நகராத ஒரு கிழவர். இதற்குள் மேனேஜர் வராந்தாவில் வந்து நின்றுவிட்டார். வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, "எந்தா டீச்சரே, தமிழ்க் கணக்குத் தெற்றிப்போச்சோ?" என்று சிரித்தார். தெற்றுவது என்றால் தப்பாகப் போவது. அவர் ஆசையும் அதுதான்.

டீச்சர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, எங்கள் மண்ணெண்ணெய் டப்பாவில் துணியை முக்கி, சாரப் பலகை மேல் ஏறி, அந்த நாலு வரியைத் தானே அழிக்க ஆரம்பித்தார். கடைசியாக எழுதிய வரிகள், சரியாகக் காயவில்லை. கறுப்பு எனாமல் வெள்ளையில் இழுத்துக்கொண்டு போய், சுவர் முழுக்கக் காக்கை நடந்த மாதிரி ஆகிவிட்டது. அவர் விடவில்லை. அழுதுகொண்டே தேய்க்கிறார். தேய்க்கத் தேய்க்க நாசம்.

மேஸ்திரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எந்த வாதத்துக்கும் அசையாத மனுஷன், தேய்க்கிற லட்சணத்தைப் பார்க்கப் பொறுக்காமல் அசைந்தார்.

"அட, எறங்குங்க டீச்சர்! இப்படித் தேச்சா சொவுரு என்னத்துக்கு ஆகும்? துணியை இப்படிக் குடுங்க. ஒரே பக்கமா இழுக்கோணும். அடடடா, போச்சு, ஒம்பதையும் கெடுத்துப்போட்டீங்க!"

"கெட்டா கெடட்டும்! உங்களுக்குப் படிதானுங்க முக்கியம்? சைபருக்கும் ஒரு வரி எழுதியிருந்தா உங்க படி தானாச் சீரா வந்திருக்கும், போங்க!"

ஆத்திரத்தில் சொன்னதுதான். சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடி நின்றார். மேஸ்திரி துணியோடு திரும்பினார்.

"எழுதலாமுங்களா?"

"தாராளமா எழுதலாம். சின்னக் கிளாஸுல அப்படித்தானுங்க எழுத வெப்போம். எல்லாம் சைபரா ஒரு வரி. கூட்டுனா ஒண்ணும் கூடாது, கொறையாது."

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?"

"நீங்க மொதல்லயே கேக்கறதுக்கென்னங்க?"

இந்த ஒரு வார்த்தைக்காகவா இவ்வளவும் என்று எனக்கு அந்த மண்ணெண்ணெய் டப்பாவைத் தூக்கிப் பாம்பேரி ஓடையில் வீசிவிடலாம் போல இருந்தது. வீசவில்லை, வேலை இருந்தது.

பூஜ்ய வரி நடுவில் நுழைந்தால், அந்த நாலு வரியும் விடையும் ஒவ்வொரு வரி கீழே இறங்க வேண்டும். கீழே இடம்? தார் பூசிய அடிப்பட்டைக்கு மேலே ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது. அதில்தான் 'சின்னராசு ஆர்ட்ஸ்', தாமரைப்பூவோடு.

நான் அதைப் பார்த்தேன், அவரும் பார்த்தார். மேஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, வெள்ளை பிரஷ்ஷை எடுத்து, வேறெதையும் தொடுவதற்கு முன் தன் பெயரின் மேல் ஒரு இழுப்பு இழுத்தார். "தாமரை சரியா விரியலே" என்றார். அவ்வளவுதான்.

வெள்ளைத் தளம் காற்றில் சீக்கிரம் காய்ந்தது. அதற்காக அந்தக் காற்றுக்கு ஒரு நன்றி. காய்வதற்குள் புழுதியையும் அள்ளி ஒட்டியதற்கு நன்றி கிடையாது. மேஸ்திரி பெரிய பிரஷ்ஷோடு விடை வரிக்கும் மற்ற வரிகளுக்கும் போனார். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது, ஒரு கை போதாது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, "மயிலு" என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாளாகியிருந்தது. "அந்தச் சைபர் வரியை நீ எழுது."

"நானுங்களா? வெளிக்கோடுமா?"

"வேற யாரு, மேனேஜரா? முட்டை மாதிரி இருக்கப்படாது. தேங்கா மாதிரியும் இருக்கப்படாது. எழுது."

வீதியைப் பார்த்த சுவரில் நானே வெளிக்கோடு போட்ட முதல் வரி அது. சரஸ்வதியையும் முருகனையும் கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தேன். மேலே இருக்கும் எண்ணில் எத்தனை இலக்கமோ அத்தனை பூஜ்யம், பன்னிரண்டு. எழுதியவர்களுக்குத் தெரியும், பூஜ்யம்தான் இருப்பதிலேயே கஷ்டம். மறைவதற்கு ஒரு மூலை கிடையாது. கை எங்கே நடுங்கினாலும் ஊருக்கே தெரியும். முதலாவதை எழுதி முடிக்கையில் சட்டை நனைந்துவிட்டது. அரிசி குத்தப் போன என் வீட்டுக்காரி தலையில் முறத்தோடு ரோட்டில் நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, இத்தனை வருஷம் கழிச்சு எழுதக் குடுத்தாங்களே, என்ன எழுதறீங்க?"

"சைபர்."

"அதுக்கு அடுத்தது?"

"சைபர்தான்."

"எல்லாமேவா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டாள். அடக்கியது பாதிதான்.

மறுநாள் ஆபீசர் வந்தார். மலையாளி, கண்ணாடிக்காரர், நல்ல வெயிலில் வந்த எரிச்சல் முகத்தில் இருந்தது. பிரார்த்தனை, மாலை, மேனேஜர் பேச்சு எல்லாம் ஆகி, ரோட்டுப் பக்கம் அழைத்து வந்தார்கள். டீச்சர் விஷயத்தைச் சொன்னார். ஆபீசர் கேட்டாரா என்றே தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் எதிர்த்த தோப்பு வேலியோரம் நின்றோம். மேஸ்திரி வழக்கம்போலக் குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் பத்தி, ஏழு. இரண்டாவது, இரண்டு. ஒன்பது. இரண்டு. ஐந்தாவதுக்கு அதே பெண் வந்தாள். என் கையில் பழநி விபூதிப் பொட்டலம் இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அஞ்சு, நாலு, சைபர், சைபர்..." ஒரு கணம் நிறுத்தி, முன்தினம் இல்லாத வரியை அண்ணாந்து பார்த்தாள். "சைபர்! ஒம்பது! மிச்சம் ரெண்டு, பதினொண்ணு! ஒண்ணு போடு, ஒண்ணு மிச்சம்!"

அடியில் ஒன்று இருந்தது.

டீச்சர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அப்புறம் எங்கும் தடங்கல் இல்லை. ஒவ்வொரு பிள்ளையாக வந்து மேலிருந்து கீழே கத்தியது. ஒவ்வொன்றும் என் வரிக்கு வந்ததும் "சைபர்" என்று ஒரு கத்து. விட்டுவிட்டுப் போகவே இல்லை. டீச்சர் அப்படிப் பழக்கியிருந்தார். பன்னிரண்டையும் ரோட்டில் நின்ற ஜனங்கள் காதுபட வாசித்தார்கள். பாதி வழியில் ஆபீசர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து அவரும் வாய்க்குள் கூட்ட ஆரம்பித்தார். மலையாளத்தில்தான். ஒரு பத்தியில் பிள்ளைக்கு முன்னாலேயே விடையைச் சொல்லிவிட்டு, "ஸாரி, ஸாரி" என்றார். இடது ஓரத்தில் கடைசி ஒன்று விழுந்தபோது தோப்புக் கூலிக்காரர்கள்கூடக் கை தட்டினார்கள்.

ஆபீசர் மேனேஜரிடம் திரும்பி, "இது நிறுத்தண்டா கேட்டோ" என்றார். நிறுத்த வேண்டாம் என்று. மேனேஜர் வேட்டி நுனியைக் கீழே விட்டுவிட்டார். தமிழ் டிவிஷனும் கமலம் டீச்சரும் அந்த ஜூனில் அங்கேயே இருந்தார்கள். டீச்சர் அங்கேதான் ரிட்டயர் ஆனார்.

போகும்போது ஆபீசர் ரோட்டைத் தாண்டி எங்களிடம் வந்தார். "ஆரா இது எழுதியது?"

"நானுங்க" என்றார் மேஸ்திரி. பிறகு கட்டைவிரலால் என்னைக் காட்டி, "சைபர் எல்லாம் இவன்."

கூட்டம் சிரித்தது. வருஷக்கணக்கில் அந்தச் சிரிப்பு ஓயவில்லை. சந்தைக்குப் போனால் "சைபர் மயிலு" என்றார்கள். மூத்தவள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார்கூட "அது நீங்கதானுங்களா?" என்று கேட்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகும் மேஸ்திரி எழுந்திருக்கவில்லை. ஒரு கண்ணை மூடியபடி என் வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பஸ் வந்து மறைத்துவிட்டுப் போனது. இன்னும் பார்க்கிறார்.

"ஏழாவது சைபர் கொஞ்சம் வீங்கியிருக்குது" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, பிரஷ் பையை என் தோளில் மாட்டினார்.

"மத்தது, ம்" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு திரும்பாமலே சொன்னார். "சைபர் வந்திருச்சு. நாளையிலிருந்து ஒண்ணு எழுதிப் பழகு."